வருத்தம் உடம்புக்குத்தான், மனசுக்கும் ஏன் பூட்டு?

(தோட்ட நலன்புரிக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னிடம் தந்த தலைப்பு "நோயாளரைப் பராமரித்தல்". இந்தத் தலைப்பில் மருந்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் சுத்தத்தைப் பற்றியும் பலமுறை கேட்டிருப்பீர்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் நான் இன்று வேறொன்றைப் பேச வந்திருக்கிறேன். வருத்தக்காரருடைய சந்தோஷத்தைப் பற்றி. "வருத்தக்காரருக்கு என்னய்யா சந்தோஷம்?" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

நம்முடைய லயக் காம்பராவை எல்லோருக்கும் தெரியும். பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேதான் அடுப்பு, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம், சாமி படம் எல்லாம். அதில் ஒருவர் நோயாகப் படுத்துவிட்டால், அந்தக் காம்பராவே ஆஸ்பத்திரி வார்ட்டு ஆகிவிடுகிறது. காலையில் வீட்டார் பெரட்டுக்கும் மலைக்கும் போய்விடுவார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம். மாலை வரைக்கும் அவர் கூரைத் தகரத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பார். பார்க்க வருகிறவர்கள் என்ன பேசுகிறார்கள்? "குளிசை போட்டீங்களா? கிளினிக் எப்ப? எங்க ஒண்ணுவிட்ட அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு, மூணு மாசந்தான் இருந்தாரு." இதுதான் பேச்சு! நோயைத் தவிர அவரிடம் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நேற்று வரைக்கும் அவர் லொறி ஓட்டினார், கூத்தில் வேஷம் கட்டினார், கொழுந்து நிறுத்தார், பந்து விளையாடினார். இன்றைக்கு அவர் வெறும் வருத்தக்காரர்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் தோட்டமும் வேண்டாம். ஊவாப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லொறி டிரைவர். ஐம்பது வயதிருக்கும். வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றும் வாயை விட்டு இறங்காத மனிதர். வாயில் ஆறாத புண் ஒன்று வந்து, அது புற்றுநோய் என்று மஹரகமையில் சொன்னார்கள். நம் நாட்டு ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத வாய்ப்புண் எதுவானாலும் டிஸ்பென்சரியிலோ ஆஸ்பத்திரியிலோ காட்டுங்கள். அவர் காட்டியது சுணங்கித்தான். வெட்டினார்கள், பிறகு கரண்ட் பிடித்தார்கள். வீட்டுக்கு வந்தபோது பேச்சுத் தெளிவில்லை. சொல்ல வேண்டியதை மகளின் கொப்பியில் எழுதிக் காட்டுவார்.

சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து மகன் வந்திருந்தான். தியத்தலாவையில் ரேஸ் வரப்போகிறது என்று லயத்துப் பொடியன்மார் பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்ட மனிதர் கொப்பியை எடுத்து எழுதினார்: "வண்டிச் சத்தம் கேக்கணும்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னாங்க நீங்க! கஞ்சி குடிக்கவே முடியல, ரேஸ் கேக்குதா?" என்றார். பக்கத்துக் காம்பராப் பெரியம்மா இன்னும் ஒருபடி மேலே போய், "நாலு பேரு என்ன சொல்லுவாங்க? வைத்தியத்துக்குக் காசு இல்லன்னு அட்வான்ஸ் வாங்கிப்புட்டு, வேடிக்கை பாக்கப் போறாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றார். மகன் மட்டும், "அம்மா, அப்பா ஒண்ணும் கேக்காத மனுசன். ஆசுபத்திரி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்புட்டுச் செய்வோம்" என்றான்.

அந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. நம் பேச்சின் மையமும் அதுதான். "வேண்டாம்" என்று கத்துவதும் பிழை, "வாங்க போவோம்" என்று தூக்கிக்கொண்டு ஓடுவதும் பிழை. கேட்டு, ஆயத்தம் செய்து போக வேண்டும்.

இந்த ரேஸைப் பற்றி இரண்டு வார்த்தை. அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் இடையில் இருக்கிற தியத்தலாவையில், ஃபொக்ஸ் ஹில் என்ற மலையடியில் மண் பாதையில் ஓடுகிற போட்டி அது. 1993இல் தொடங்கியது. இராணுவப் பயிற்சிக் கல்லூரி நடத்துகிற போட்டி. காரும் ஓடும், மோட்டார் சைக்கிளும் ஓடும். மண்மேட்டில் ஏறி வண்டி அந்தரத்தில் பாயும்போது திடலே எழுந்து நிற்கும். நம் மலைநாட்டுக்கு வண்டி ரேஸ் புதிதல்ல. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934இல் தொடங்கியது. தேயிலை மலைக்கு நடுவே, வளைவு வளைவான ரோட்டில் ஓடுகிற போட்டி.

மண் திடலில் ரேஸ் ஓட்டுவது வெளிநாடுகளில் இரவு நேரக் கொண்டாட்டம். அவுஸ்திரேலியாவில் மெயிட்லண்ட் என்ற ஊரில் 1923 டிசெம்பரில், விவசாயக் கண்காட்சித் திடலில், மின்விளக்கு வெளிச்சத்தில் மோட்டார் சைக்கிள்களை ஓடவிட்டார்கள். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டில் சைக்கிளுக்குப் பிரேக்கே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சின்னச் சின்ன ஊர்களில் சனிக்கிழமை இரவு என்றால் மண் திடல்தான். ரேஸுக்கு முன் களிமண்ணுக்குத் தண்ணீர் அடித்து இறுக்குவார்கள். வண்டி இடப்பக்கம் வளையும்போது டிரைவர் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி, வண்டியைச் சறுக்கவிட்டே ஓட்டுவான். ஊர்ச்சனம் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போய் உட்காரும். நமக்கு மாசி மாதத்துக் காமன் கூத்து எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாட்டி தொடக்கம் கைக்குழந்தை வரைக்கும் விடிய விடிய ரதி மதனைப் பார்த்துக்கொண்டிருப்போமே, அதே சந்தோஷம்தான். ஊர் கூடுகிற இடத்தில் தானும் ஒருவராக இருக்கிற சந்தோஷம் அது. நோய் வந்தவர் முதலில் இழப்பது அதைத்தான்.

சரி, அந்தக் குடும்பம் என்ன செய்தது? கிளினிக் நாளில் டாக்டரிடம் கேட்டார்கள். டாக்டர் வாயைப் பார்த்தார், புண் ஆறியிருக்கிறது என்றார், இரத்தம் சோதித்தார். "கூட்டத்துக்குள்ள போகாம, தூரத்தில இருந்து பாக்கட்டும். தூசி படாம மூக்கு வாயை மூடணும். களைச்சுப் போனா உடனே திரும்பணும்" என்று சொன்னார். தனி வேன் பிடிக்கக் காசில்லை. அதே லயத்தில் ரேஸுக்குப் போகிற இன்னும் மூன்று வீட்டாரோடு சேர்ந்து ஒரு வேனைப் பிடித்து, பங்கு போட்டார்கள். முன் சீட் அவருக்கு. பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வேனில் ஏற்றினார்கள். ஃபிளாஸ்கில் கஞ்சி. கரண்ட் பிடித்த வாய் காய்ந்துகொண்டே இருக்கும், அதனால் அடிக்கடி நனைக்க ஒரு போத்தல் தண்ணீர். சால்வை, தொப்பி, குடை. பாதையிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்று வருகிற பக்கத்துச் சரிவில் கதிரையைப் போட்டு உட்காரவைத்தார்கள். அந்தப் பக்கம் தூசி வராது.

சித்திரை மாதத்து மலைநாட்டு மழையைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பகல் மூன்று மணிக்கு மேகம் கறுத்தது. கடைசி ஓட்டம் முடியவில்லை, ஆனாலும் புறப்பட்டுவிட்டார்கள். மனிதர் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. வந்து படுக்கவில்லை! இஸ்தோப்பில் கதிரையைப் போடச் சொன்னார். லயத்துப் பிள்ளைகள் சுற்றி உட்கார, எந்தக் கார் எந்த வளைவில் எப்படிச் சறுக்கியது, டிரைவர் எந்த கியரில் பிடித்திருப்பான் என்று கையாலும் கொப்பியாலும் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். இரவு பத்து மணி ஆகிவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து அவர் பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆளாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

அந்த ரேஸ் அவருடைய நோயைக் குணப்படுத்தவில்லை. குணப்படுத்தும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடுத்த வருஷம் ஆடி மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு நான் அந்த அம்மாவைக் கண்டபோது ஒன்று சொன்னார்: "எழவு வீட்டுல எல்லாரும் அவரு பட்ட பாட்டைச் சொல்லி அழல ஐயா. அந்த ரேஸு பாத்த ராத்திரியைச் சொல்லித்தான் அழுதாங்க. போகாதீங்கன்னு நான் புடிச்சு வச்சிருந்தா, எனக்கு நெனைக்கிறதுக்கு என்ன இருந்திருக்கும்?" இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

இனி, ஆயத்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். ரேஸுக்கு மட்டுமல்ல, தேர்த் திருவிழா, கூத்து, பந்து விளையாட்டு, கல்யாண வீடு எதுவானாலும் இதுதான். நோய்க்கு நோய் கவனிக்க வேண்டியது வேறு. கவனமாகக் கேளுங்கள்.

சீனி வருத்தம் உள்ளவர்கள்: நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். விழாவில் சாப்பாடு சுணங்கும், ஆகவே ரொட்டியோ சோறோ கட்டிக்கொண்டு போங்கள். ஊசி மருந்து எடுப்பவர் அதை வெயிலில் நிற்கிற வேனுக்குள் வைக்கக் கூடாது. மடியில் கொஞ்சம் சீனி கட்டாயம் இருக்க வேண்டும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

முட்டு வருத்தம் உள்ளவர்கள்: மண் திடலின் தூசியும் வண்டிப் புகையும் இவர்களுக்கு ஆகாது. முட்டு அடங்காமல் இருக்கிற காலத்தில் ரேஸ் வேண்டவே வேண்டாம். அடங்கியிருந்தால் தூரத்தில், காற்று வருகிற பக்கம். இழுக்கிற மருந்து சட்டைப் பையில் இருக்க வேண்டும். "வேன்ல பேக்குல இருக்கு" என்பது உதவாது.

நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள்: மேட்டில் ஏறி இறங்கும் இடம் கூடாது. வேன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருங்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை கையில் இருக்கட்டும். நெஞ்சு நோவு வந்தால், "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம், இந்த ஓட்டம் முடியட்டும்" என்று இருக்காதீர்கள்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றுகிறவர்கள்: மருந்து ஏற்றி ஒரு கிழமைக்கும் இரண்டு கிழமைக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறையும். அந்த நாட்களில் கூட்டத்துக்குள் போகக் கூடாது. எந்த நாள் நல்லது என்று டாக்டரைக் கேட்டுத் திகதி குறியுங்கள். காய்ச்சல் 100 பாகையைத் தாண்டினால் விடியும் வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சிறுநீரகத்துக்கு இரத்தம் சுத்திகரிக்கிறவர்கள்: சுத்திகரித்த அன்றைக்குக் களைப்பு இருக்கும், அடுத்த நாள் நல்லது. தண்ணீர் அளவு எங்கே போனாலும் அதே அளவுதான். "வெயிலா இருக்கு, ஒரு தம்பிலி குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்க" என்று அன்பாகக் கொடுப்பார்கள். இவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம். வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர்கள்: இந்த வருத்தத்துக்கு வழக்கமாக ஆறு மாத மருந்து. தொடக்கத்தில் குறைந்தது இரண்டு கிழமையாவது, டாக்டர் சரி என்று சொல்லும் வரைக்கும், மூடிய வேனிலும் கூட்டத்திலும் சேரக் கூடாது. அதற்குப் பிறகு அவரை ஒதுக்கிவைக்கக் காரணமே இல்லை. மருந்தை ஒழுங்காக எடுக்கிற மனிதரை எட்டு மாதம், பத்து மாதம் தனிக் கோப்பையோடு தனியே உட்காரவைக்கிற வழக்கம் சில லயங்களில் இன்னும் இருக்கிறது. அது வைத்தியம் இல்லை, அது அவமானம். விட்டுவிடுங்கள்.

எல்லோருக்கும் பொதுவாக ஒன்று. விழா என்றாலே கசிப்பும் சாராயமும் எட்டிப் பார்க்கும். மருந்து எடுக்கிறவருக்கு ஒரு சொட்டும் கூடாது. காசநோய் மருந்தும் குடியும் சேர்ந்தால் ஈரல் கெட்டுப்போகும். சீனி வருத்தக்காரர் குடித்தால் சீனி சட்டென்று இறங்கிவிடும், பார்க்கிறவர்கள் வெறி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். உயிர் போன பிறகுதான் தெரியவரும்.

ரேஸ் திடலில் நோயாளி, சுகதேகி என்ற வித்தியாசம் இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி, இதே ஃபொக்ஸ் ஹில் போட்டியில் கார் ஒன்று பாதையை விட்டு விலகி மக்கள் மேல் பாய்ந்தது. ஏழு பேர் உயிரிழந்தார்கள். அதில் ஒரு சிறுமியும் இருந்தாள். வேடிக்கை பார்க்கப் போன குடும்பங்கள் பிரேதத்தோடு திரும்பின. ஆகவே, எந்த ரேஸுக்குப் போனாலும் வளைவின் வெளிப்பக்கத்தில் நிற்காதீர்கள். வேகமாக வருகிற வண்டி கட்டுப்பாடு இழந்தால் அந்தப் பக்கம்தான் பாயும். கயிறு கட்டியிருக்கிறது என்பதற்காகக் கயிற்றோடு ஒட்டி நிற்காதீர்கள். கயிறு காரை நிறுத்தாது. உயரமான, தள்ளியிருக்கிற இடமே நல்லது. எழுந்து ஓட முடியாத ஒருவரை நீங்கள் கதிரையில் உட்காரவைக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். அப்படி ஒரு பாதுகாப்பான இடம் கிடைக்கவில்லை என்றால், போன வேனிலேயே திரும்பி வாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரம் என்றால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, காசு வாங்குவதில்லை. பேசும்போது ஊரின் பெயரையும் பக்கத்தில் உள்ள கோயில், கடை, பாலம் எதையாவது அடையாளமாகவும் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கையோடு வைத்திருங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும்.

காசு விஷயம். கடன் வாங்கியோ நகை அடகு வைத்தோ எங்கும் போகச் சொல்லவில்லை. தியத்தலாவையோ நுவரெலியாவோதான் என்றில்லை. நம் தோட்டத்துப் பந்து மைதானம் போதும். கோயில் வாசல் போதும். எழும்ப முடியாதவருக்குப் பக்கத்து இளைஞர்கள் ஒன்று செய்யலாம். இரவு வேளையில் அவரைத் தூக்கி இஸ்தோப்பில் உட்காரவைத்து, கம்பளி போர்த்தி, கைப்பேசியில் ரேஸோ கூத்தோ எது அவருக்குப் பிடிக்குமோ அதைப் போட்டுக் காட்டுங்கள். நாலு பேர் கூட உட்கார்ந்து பாருங்கள். தனியே காட்டிவிட்டுப் போனால் அது மருந்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். சேர்ந்து பார்த்தால்தான் திருவிழா.

"நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். வேலைக்குப் பேர் போடாமல் சுகயீன விடுப்பில் இருக்கிறவர் வெளியே போனால் கதை கட்டுகிறார்கள். வேலை செய்ய முடியாத உடம்பு, கதிரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாத உடம்பு ஆகிவிடாது. முதுகில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறுவதும், சால்வையோடு உட்கார்ந்திருப்பதும் ஒன்றா? சிரிப்பைக் கண்டதும் "நோயெல்லாம் நடிப்பு" என்று சொல்கிற வாயை நாம்தான் அடக்க வேண்டும். வருத்தக்காரர் எப்போதும் அழுதுகொண்டே இருந்தால்தான் நம்புவோம் என்றால், அவரை அழவைப்பது நோயா, நாமா?

கடைசியாக, பார்த்துக்கொள்கிறவர்களைப் பற்றி. பெரும்பாலும் அது ஒரு பெண். விடிய எழும்பிச் சமைத்து, மலைக்குப் போய்க் கொழுந்து பறித்து, வந்து துணி அலசி, இரவில் விழித்திருந்து மருந்து கொடுக்கிற தாயோ மனைவியோ மகளோ. அவர் முகத்தை யார் பார்க்கிறார்கள்? நோயாளியை ரேஸுக்கோ கூத்துக்கோ கூட்டிப்போகும்போது, அவருக்கும் அங்கே ஒரு கதிரை போடுங்கள். அன்றைக்கு மட்டுமாவது கஞ்சி ஊற்றிக்கொடுக்கிற வேலையை அண்ணனோ தம்பியோ ஏற்றுக்கொள்ளட்டும். அந்த அம்மாவும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, கை தட்டி, கத்திச் சிரிக்கட்டும்.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காம்பராவிலோ பக்கத்துக் காம்பராவிலோ படுத்திருப்பவரிடம் போய், குளிசையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "உங்களுக்கு எதைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு?" என்று கேளுங்கள். பதிலைக் கேட்டுக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குப் போங்கள். மீதியை டாக்டரும் நீங்களும் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.